எலும்புக்குள் ஊசிமுனை

ஜூன் 3
நகச்சுத்து என்றுதான் நினைத்தேன். களிம்பு, மாத்திரை, வெந்நீர் எல்லாம் ஆயிற்று. வீக்கம் அசைவேனா என்கிறது. இடது ஆள்காட்டி விரல். துணியை ஊசிக்கு நகர்த்திக் கொடுப்பதே அதுதான். மகளிடம் சொன்னால் தையல் கடையை மூடு என்பாள். அவள் அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அந்தக் கடை ஒன்றுதானே?

ஜூன் 9
கண்டுபிடித்துவிட்டாள். இழுத்துக்கொண்டு போனாள். எலும்பிலேயே சீழ் பிடித்திருக்கலாம் என்றார் டாக்டர். பூனை கடித்ததா, மீன் முள் குத்தியதா, ரோஜாச் செடி வெட்டினேனா? அப்படியெல்லாம் வந்து எலும்பு கெட்டவர்களைப் பார்த்திருக்கிறாராம். நான் வளர்த்தது இவளை மட்டும்தான் என்றேன். மகள் முறைத்தாள்.

நாளை எக்ஸ்ரே. விரலை எடுக்க வேண்டியும் வரலாமாம்.

ஜூன் 10
படத்தில் எலும்புக்குள் ஒரு வெள்ளைக் கீறல். "உள்ள ஊசி முனை இருக்கும்மா. எப்ப குத்துச்சு?"

எப்ப! மகள் தொட்டிலில் கிடந்த வருடம். மெஷின் ஊசி விரலில் ஏறி உடைந்தது. அவள் அப்பாதான் குறடால் பிடுங்கினார். உடைந்த ஊசியைச் சேர்த்துப் பார்க்காமல் தையல்காரர் யாரும் தூக்கிப் போடுவதில்லை. சேர்த்தார், முனையைக் காணோம். காந்தத்தோடு கடைத் தரை முழுக்கத் தவழ்ந்து ஒரு முனையைக் கண்டுபிடித்தார். "பாரு, முழுசா வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அழுதார். குத்தியது எனக்கு, அழுதது அவர்! கட்டு பிரிக்கும்வரை அவர்தான் எனக்குத் தலை பின்னினார். கயிறு திரித்த மாதிரி ஒரு பின்னல். அதோடுதான் கடைக்கு வந்தேன்.

ஏங்க, தரையில நீங்க கண்டெடுத்தது உங்க மெஷின் ஊசியோட முனைங்க. அன்னைக்குக் காலைல நீங்களும் ஒண்ணு உடைச்சீங்களே, மறந்துட்டீங்களா?

ஜூன் 12
நாளை ஆபரேஷன். விரல் போய்விட்டால்?

ஜூன் 15
விரல் தப்பியது. நுனி மட்டும் இனி மடங்காதாம். மடங்காவிட்டால் போகிறது. முனையைச் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள்.

மகளுக்குக் கோபம். "உன்னைச் சமாதானப்படுத்த அப்பா பொய் சொல்லியிருக்காரும்மா."

இல்லடி. பொய் சொல்றவர் அப்படி அழமாட்டார்.

ஆகஸ்ட் 20
கடை திறந்தேன். நடுவிரலால் துணியை நகர்த்தினால் தையல் குடிகாரன் மாதிரி போகிறது. பழகிவிடும்.

மதியம் ஊசி உடைந்தது. சேர்த்துப் பார்த்தேன், முனை இல்லை. காந்தத்தை எடுத்துக்கொண்டு தவழ்ந்தேன். அவர் மெஷினுக்கு அடியில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. வைத்துப் பார்த்தேன், பொருந்துகிற மாதிரிதான் இருந்தது. "பாருங்க, முழுசா வந்துடுச்சு" என்று அவர் நாற்காலியிடம் சொன்னேன்.

சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து தேடினேன்.