அந்த ஞாயிறு இரவு ஜேம்ஸ் எங்கே இருந்தார்?

அன்புள்ள சம்பந்தி டங்கன் அவர்களுக்கு,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இருந்தும், பிழை விடாமல் எழுத எனக்கு வாய்த்த மொழி இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிற பெப்ரவரி ஒன்பதாம் திகதியோடு நீங்கள் காலமாகி ஒரு வருடம். மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியிலுள்ள உங்கள் வீட்டில் இப்போது உங்கள் மகளும் என் மகனும் குடியிருக்கிறார்கள். நீங்கள் தொடங்கிய குடும்ப வரலாற்றுத் தேடலைத் தொடர, லாசாலிலிருந்து பஸ் மாறிப் போய், உங்கள் கணினிக்கு முன்னால் உட்காருவது நான்தான்.

கிறிஸ்மஸ் விருந்தில் யாராவது முதலில் எழுந்தால், "ஜேம்ஸ் புறப்பட்டுவிட்டார்" என்று உங்கள் வீட்டார் சிரிப்பார்கள். ஜேம்ஸ் உங்கள் தாத்தாவின் தாத்தா. ஸ்கொட்லாந்தில் பண்ணை வேலையாள். மனைவி மார்கரட்டையும் கைக்குழந்தையையும் விட்டு ஓடியவர் என்பது குடும்பக் கதை. நீங்கள் மட்டும் சிரித்ததில்லை. சிறுவயதில் உங்களை விட்டுப்போன தந்தையின் குணமும் ஜேம்சிடமிருந்தே வந்தது என்று நம்பினீர்கள்.

1851 மார்ச் 30, ஞாயிறு இரவு யார் எங்கே தங்கினார் என்று எடுத்த குடிசன மதிப்பீட்டோடு நீங்கள் தேடலை நிறுத்திவிட்டீர்கள். மார்கரட்டும் குழந்தையும் அவளுடைய தகப்பன் வீட்டில் இருந்தார்கள். கணவன் பெயர் இல்லை. போதும் என்றீர்கள்.

நான் விடவில்லை. அதே இரவில், ஆறு மைல் தள்ளி ஒரு பண்ணையில், அதே பெயரில், அதே ஊரில் பிறந்த ஒருவர் தங்கியிருந்தார். மணமானவர். ஆனால் வயது இருபத்தாறு. எங்கள் ஜேம்சுக்கு இருபத்தேழு ஆகியிருக்கவேண்டும். ஒரு வயது பிசகியதால் அவரைத் தள்ளிவைத்தேன். தவிர, மனைவியுள்ளவர் ஏன் வேறொருவர் கூரையின் கீழ் படுக்கவேண்டும்?

இதை வீட்டில் சொன்னபோது, என் மனைவி கத்தரிக்காய் வெட்டியபடியே கேட்டார்.

"நீங்கள் கொழும்பிலை கிளாக்கரா இருக்கேக்கை கணக்கெடுக்க வந்திருந்தா, என்னை எங்கை எழுதியிருப்பாங்கள்?"

"உன்ரை ஐயா வீட்டிலைதான்."

"அப்ப நீங்களும் ஓடிப்போன ஆள்தானே."

கொழும்பு அலுவலகங்களில் வேலைபார்த்த பிள்ளைகுட்டிக்காரர் எல்லோரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்து, லீவுக்கு மட்டும் யாழ்ப்பாணம் போனவர்கள் நாங்கள். ஜேம்சின் காலத்துப் பண்ணைகள் பலவற்றிலும் அப்படித்தான். வேலையாளுக்குப் படுக்க இடமுண்டு, குடும்பத்துக்கு இல்லை.

உடனே 1861 ஏப்ரல் 7ஆம் திகதிக்குப் போனேன். வேறொரு பண்ணையின் குடிசையில் ஜேம்ஸ், மார்கரட், அன்றைய கைக்குழந்தையான உங்கள் பூட்டன் பத்து வயதில், அவருக்குக் கீழே மூன்று பிள்ளைகள். அந்த மூவரும் பிறந்தது மூன்று ஊர்களில். பண்ணை மாறிய இடமெல்லாம் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் வயது முப்பத்தாறு. இங்கும் ஒன்று குறைகிறது. மனிதருக்குத் தன் வயதே சரியாகத் தெரியாதுபோலும்; அந்த இருபத்தாறு வயதுக்காரரும் இவரேதான்.

உங்கள் மகளுக்குக் காட்டினேன். அப்பா இதைப் பார்த்திருக்கவேண்டும் என்றார்.

உங்கள் தந்தை ஏன் போனார் என்று எந்த மதிப்பீடும் சொல்லாது. ஆனால் அது ஜேம்சிடமிருந்து வந்ததல்ல. எனக்கு இன்னொன்றையும் அறிய ஆசை. கணக்கெடுத்தது ஞாயிறு இரவு அல்லவா? அன்று பகல் ஆறு மைல் நடந்துபோய், குழந்தையைத் தூக்கி வைத்திருந்துவிட்டுத் திரும்பியிருப்பாரோ?

இந்தக் கிறிஸ்மஸ் மேசையில் முதலில் எழும்புவது நானாகத்தான் இருக்கும். வழமைபோல எல்லோரும் சிரிக்கட்டும். சிரித்து முடிந்ததும், ஜேம்ஸ் வேலைக்குத்தான் போனவர் என்று சொல்லிவிட்டு, உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் திரும்பவும் உட்காருவேன்.

உங்கள் மகளுக்கு மாமனும் உங்களுக்குச் சம்பந்தியுமான,
சிவஞானம்
லாசால், மொன்றியல்
16.11.2025, ஞாயிறு