மாடி அறையும் ஆறடிக் குப்பையும்

என் செல்லக் குட்டிக்கு,

இந்த நேரத்தில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே, பகலெல்லாம் மனையில் நின்றுவிட்டு இப்போதுதான் உட்கார முடிந்தது. நாங்கள் நல்லபடி இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், போன வாரம் தொண்டை கட்டியிருந்ததே, சரியாகிவிட்டதா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் மெயிலில் எழுதுகிறேன், பயப்படாதே.

அஸ்திவாரம் தோண்ட இன்று காலை பொக்லைன் வந்தது. இரண்டடி வரைக்கும் நல்ல மண், அப்பா போட்டோகூட எடுத்தார். அதற்குக் கீழே வந்ததெல்லாம் டயர், உடைந்த ஓடு, பிளாஸ்டிக் பை, ஒற்றைச் செருப்பு. யாரோ பள்ளத்தில் குப்பையைக் கொட்டி மேலே மண்ணைப் பரப்பி நம் தலையில் கட்டிவிட்டார்கள். மேஸ்திரி குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, அக்கா, இதுமேல கட்டுனா வீடு ஒரே வருஷத்துல ஒரு பக்கமா உக்காந்துடும் என்றார். ஆறடிக்கு மொத்தத்தையும் வாரிப் போட்டுவிட்டு, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காக ரோலர் ஓட்டி இறுக்க வேண்டுமாம். லாரி வாடகையோடு மூன்று லட்சத்தை நெருங்குகிறது. நம் பட்ஜெட் நோட்டில் முதல் வரியே அஸ்திவாரம்தான், அதற்கு முன்னால் மண்ணுக்கென்றே ஒரு செலவு இருப்பது பி.காம். படித்த எனக்கு உறைக்கவில்லை. இல்லை, அதுகூடப் பொய். பத்திரம் முடிக்குமுன் மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள் என்று இன்ஜினியர் அதற்குப் பன்னிரண்டாயிரம் எழுதிக் கொடுத்திருந்தார். அதை அடித்துவிட்டு, உன் மாடி அறைக்குப் பெரிய ஜன்னல் என்று எழுதியது நான்தான். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன், அவரோ, விடு, ஜன்னல் பெருசா இருந்தா வீடு சாயறது நல்லாத் தெரியும் என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இந்த மண் செலவுக்கு இப்போது கையில் இருப்பது மாடி அறைக்கென்று மாசாமாசம் நீ அனுப்பிய பணம் மட்டும்தான். தூண் வர்ற இடத்த மட்டும் தோண்டி நிரப்பிக்கலாம், புள்ள அறையில கை வைக்காத என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். எனக்கு அரைகுறை வேலை பயமாக இருக்கிறது. உன்னை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது எனக்கு இருபது வயது, எங்கே கீழே போட்டுவிடுவேனோ என்று நடுங்கினேன், அதே நடுக்கம்தான் இப்போதும். முதலில் அந்தப் பணத்தில் தரையை உறுதியாக்கிக்கொள்வோம், மாடியில் உனக்காகத் தூண் கம்பிகளை நீட்டி விடச் சொல்கிறேன், காசு சேர்ந்ததும் அதிலிருந்தே அறையை எழுப்பிவிடலாம். படியை மட்டும் இப்போதே கட்டலாம் என்றால், ஏறிப் போயி என்னத்தப் பாக்க என்கிறார் உன் அப்பா. அதுவரை லீவில் வந்தால் என் பக்கத்தில் படுத்துக்கொள், உதைக்காமல் தூங்கினால் போதும்.

ஆனால் அது உன் சம்பளம், உன் அறை. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வேறு வழி தேடுவேன், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு எனக்காகச் சரி சொல்லாதே. சரி என்றால் அப்பாவுக்கும் நீயே சொல்லு, என் பேச்சு எடுபடாது. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு, அது ஒன்றுதான் எங்களுக்கு. வெந்நீரில் வாய் கொப்பளிக்க மறக்காதே. வெள்ளிக்கிழமை லாரிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும், அதற்குள் பதில் போடு.

உன் அம்மா