முன்னறைச் சுவருக்கு எட்டு ஓடு

நவம்பர் 3, 1931. செவ்வாய்.

காலையிலிருந்து தூறல். விறகு நனைந்து ஒரே புகை. தூத்துக்குடியிலிருந்து வண்டியில் பெட்டி வந்துவிட்டது. வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து அனுப்பிய ஜப்பான் பீங்கான் ஓடுகள், முன்னறைச் சுவரில் பதிக்க. நூற்றிருபது. வைக்கோலுக்குள் ஒன்றும் உடையவில்லை. ஒவ்வொன்றிலும் ரோசாப்பூ, விரலால் தடவினால் இதழ் தட்டுப்படுகிறது. கூடவே கடிதம், நாலே வரி. பதிக்குமுன் ஓடுகளை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டுமாம். சுவர் முடிந்தால் கிறிஸ்மஸுக்கு வந்து வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் வைப்பாராம். போய் நாலு வருஷம் கழித்து. அந்த நாலு வரியை எத்தனை தடவைதான் வாசிப்பது. சுகமா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

வாங்க: நீலம், மண்ணெண்ணெய், தீப்பெட்டி.

நவம்பர் 5. வியாழன்.

வெயில். ஞானதாசன் கொத்தனார் வந்தார். இந்த வீட்டைக் கட்டியவர். பூ ஓடு இதுவரை தொட்டதில்லை. ஊறப்போடச் சொன்னேன். ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணியில போட்டா பூவு அழிஞ்சு போவாதாம்மா?"

எனக்கும் அதே பயம் பிடித்துக்கொண்டது. கடல் தாண்டி வந்த சாமானைத் தொட்டியில் முக்க மனசு வரவில்லை. ஊறப்போட வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றேன். சாயங்காலத்துக்குள் மூன்று வரிசை. அழகுதான். பார்க்கத்தான் ஆளில்லை. சோற்றுத் தட்டை முன்னறைக்கே எடுத்துப்போய்ச் சாப்பிட்டேன்.

நவம்பர் 8. ஞாயிறு.

ஆராதனை முடிந்து வந்து கதவைத் திறந்தால் தரையில் எட்டு ஓடு, துண்டு துண்டாக. சுவரில் நிற்பவையும் கையை வைத்தால் ஆடுகின்றன. கொத்தனாருக்கு ஆளனுப்பினேன். சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார். மாவாக உதிர்ந்தது.

"காஞ்ச ஓடு சுண்ணாம்புல உள்ள தண்ணிய முழுக்கக் குடிச்சுப்போட்டுதும்மா. பின்ன எப்பிடிப் பிடிக்கும்?"

வேண்டாம் என்று சொன்னது நான்தான். கொத்தனாரைத் திட்டி என்ன பயன். மிச்சம் எல்லாவற்றையும் பெயர்த்து ஊறப்போட்டோம். ஒரு பூவும் அழியவில்லை. எட்டு மட்டும் குறைகிறது. வீட்டுக்காரர் வந்தால் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான், என் முகத்தை இல்லை. அவருக்கு எழுதப் பயம். கொழும்பில் அவர் கடைக் கணக்கப்பிள்ளைக்கு எழுதி, அதே பூவில் எட்டு அனுப்பக் கேட்டேன்.

நவம்பர் 24. செவ்வாய்.

மழை. தலைவலி. எட்டு ஓடும் நேற்றே வந்துவிட்டன, பழந்துணியில் பொதிந்து. கணக்கப்பிள்ளை கடிதம்: "முதலாளி கண்டிக்குப் போயிருக்கிறார்கள். கடைத்தெருவில் இந்தப் பூ கிடைக்கவில்லை. முதலாளி வீட்டு அடுக்களையில் பதித்தது போக எட்டு மிச்சமிருந்தது. அங்குள்ள அம்மா தாமே எடுத்துத் தந்தார்கள்."

கடை மாடியில் பாய் விரித்துப் படுப்பதாகத்தான் நாலு வருஷமாக எனக்கு எழுதுகிறார்.

துணியை உதறிப் பார்த்தேன். குழந்தைச் சட்டை. இரண்டு வயசுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். ஓடு யாருக்கென்று அவளிடம் சொல்லியிருப்பார்களோ. அழுகை வரவில்லை. சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

ராத்திரி ஊறவைத்த எட்டையும் கொத்தனார் பதித்துக்கொண்டிருக்கையில் போதகரம்மா குடையோடு வந்தார். சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நல்லா இருக்கு. உன் மாப்பிள்ள எப்பம் வாறாரு மக்கா?"

"கிறிஸ்மஸுக்கு" என்றேன்.