நாலாம் நம்பர் ஆணி

குகட்பள்ளி, ஹைதராபாத்,
9 மார்ச் 2025

அன்புள்ள பிந்துவுக்கு,

காஞ்சனா அத்தை எழுதுகிறேன். போனில் கூப்பிட்டிருக்கலாம். போனில் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இது நான் பேச வேண்டிய விஷயம்.

உன் படம் பார்த்தேன். "நம்ம பிந்து எழுதின படம்" என்று நம் பிளாக் முழுவதையும் நான்தான் கிளப்பிக்கொண்டு போனேன். திரையில் உன் பெயர் வந்தபோது எல்லோருக்கும் முன்னால் கைதட்டினேன். கால் மணி நேரத்தில் அந்தக் கை மடியில் விழுந்துவிட்டது.

படத்தின் வில்லி ஒரு பக்கத்து வீட்டுக் கிழவி. தனியாள். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவள். பிளாக்கின் சாவியெல்லாம் அவள் சுவரில் ஆணி ஆணியாகத் தொங்குகிறது. சாவி கொடுத்தவர்களுக்கு நம்பர் போட்ட பித்தளை டோக்கன். காலில் நீல ஹவாய் செருப்பு. இடைவேளைக்கு முன்னால் அவள் ஒரு வீட்டைத் திறந்து உள்ளே நுழைகிறாள். கட்டிலுக்கடியில் இருக்கும் குழந்தைக்கு அந்தச் செருப்பு மட்டும் தெரிகிறது. தியேட்டரே அலறியது. அப்புறம் என் வரிசை முழுக்கக் குனிந்து என் காலைப் பார்த்தது. நான் அதே செருப்பில்தான் போயிருந்தேன்.

வரும் வழியில் ஆளுக்கொரு அபிப்பிராயம். அசோசியேஷன் செக்ரட்டரி விஸ்வநாத்துக்கு முதல் பாதி பிரமாதம், இரண்டாம் பாதி இழுவை. கீழ்வீட்டு சௌம்யாவுக்கு முடிவு புரியவில்லை. வாட்ச்மேன் மட்டும், "நக்கோ அம்மா, அப்படிச் சொல்ல வேணாம், அந்தக் கெழவி மேல எனக்கு டவுட்டே வரல" என்றான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து டோக்கன்கள் திரும்பி வர ஆரம்பித்தன. "ஊர்ல இருந்து மாமியார் வந்திருக்காங்க ஆன்ட்டி, சாவி வேணும்" என்கிறார்கள். ஒரே வாரத்தில் பத்து வீட்டுக்கு மாமியார் வந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டுச் சாவி ஒன்றுதான்.

வருத்தம் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் இது கோபம், பிந்து. நான் உனக்கு என்ன செய்தேன்?

காஞ்சனா அத்தை

---

சென்னை,
16 மார்ச் 2025

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அது நீங்கள் இல்லை, அத்தை. கதைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, எனக்குத் தெரிந்த சாமான்களை அவள் வீட்டில் வைத்தேன். அவ்வளவுதான்.

இதற்குள் இன்னொரு தலைவலி. உங்கள் பிளாக்கில் யாரோ அந்த ஆணிச் சுவரை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் உண்மைக் கதை என்கிறார்கள், பாதிப் பேர் விளம்பரத்துக்காகச் செய்தது என்று திட்டுகிறார்கள். படக் கம்பெனியில் பயந்துபோய் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள், இத்துடன் வைத்திருக்கிறேன். படத்தில் வரும் பாத்திரத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை, உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அது வந்தால்தான் என் அடுத்த படத்தைப் பற்றிப் பேசுவார்களாம். எட்டு வருஷம் அலைந்து கிடைத்த இடம், அத்தை.

அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. படத்தை இன்னும் பார்க்கவில்லை. குகட்பள்ளி வீட்டை வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறேன். புரோக்கர் வருவார், சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள்,
பிந்து

---

குகட்பள்ளி,
23 மார்ச் 2025

பிந்து,

புரோக்கர் வந்தார். சாவி கொடுக்கவில்லை. டோக்கன் கொண்டுவருபவருக்குத்தான் சாவி. ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருஷம் இந்த விதியை ஃபோர்மேனுக்கே தளர்த்தியதில்லை. உங்கள் நாலாம் நம்பர் டோக்கன் உன் அம்மா தங்கத்திடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நீயே வா.

கையெழுத்தும் போட மாட்டேன். எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லையா? என் செருப்பு, என் டோக்கன், என் ஆணி, என் இருமல்கூட. எனக்கு இல்லாதது அவளுடைய கெட்ட புத்தி மட்டும்தான். அதை நீ எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று உனக்கே தெரியும்.

உனக்கு அப்போது ஏழு வயது. உன் அப்பா உங்கள் இருவரையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டான். கதவில் மாட்டிய பையில் மூன்று நாள் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தது. குக்கர் சத்தம் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் உன் அம்மா, "குழந்தை ஸ்கூல் விட்டு வந்தா வாசல்ல நிக்கக்கூடாதுக்கா" என்று சொல்லி ஒரு சாவி கொடுத்திருந்தாள். எதற்குக் கொடுத்தாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்த் திறந்தேன். அவள் கை முறிந்து கிடந்தாள். நீ கட்டிலுக்கடியில் இருந்தாய்.

இன்றைக்கு விஸ்வநாத் வந்து, "ஆணியை எல்லாம் எடுத்துடுங்க மேடம், அசோசியேஷனுக்குக் கெட்ட பேரு" என்றார். சுவர் என்னுடையது, ஆணியும் என்னுடையது என்று சொல்லி அனுப்பினேன்.

காஞ்சனா

---

சென்னை,
2 ஏப்ரல் 2025

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். மறுநாள் தனியாகப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்று நாளாகச் சமைக்கிறாள், பரிமாறுகிறாள், எழுந்து போய்விடுகிறாள். அந்த டோக்கன் அவள் பர்ஸிலேயே இருக்கிறது என்று இப்போதுதான் எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்குப் பூட்டு திறந்த சத்தம் கேட்டதும் அப்பா வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கட்டிலுக்கடியில் இன்னும் சுவரோரம் நகர்ந்துகொண்டேன். அப்புறம்தான் நீலச் செருப்பைப் பார்த்தேன். எழுத உட்கார்ந்தபோது அந்தப் பயம் அப்படியே கைக்கு வந்தது. நீங்கள் என்னை வெளியே இழுத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் தயிர்ச்சோறு ஊட்டியதையும் எழுதினேன். "இது த்ரில்லர், இங்க சோறு எதுக்கு" என்று வெட்டிவிட்டார்கள். நான் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும். அப்பா மேல் இருந்த பயத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டேன், அத்தை. வெட்கமாக இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் கேட்கிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த படம் என் கையை விட்டுப் போய்விடும்.

பிந்து

---

குகட்பள்ளி,
13 ஏப்ரல் 2025

அன்புள்ள பிந்துவுக்கு,

பயம் உன்னுடையது, அதை எழுத உனக்குப் பாத்தியதை உண்டு. சோற்றை வெட்டும்போது நீ வாயை மூடிக்கொண்டிருந்தாயே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஆனாலும் உண்மையை எழுதினாய். அதனால்தான் இந்தப் பதில்.

முந்தாநாள் காலையில், ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போன பிறகு, நம் பிளாக்கில் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். பெயர் சொல்ல மாட்டேன், எந்த மாடி என்றும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை உன்னிடம் கதை மாட்டிக்கொண்டாயிற்று. படம் பார்த்த கையோடு சாவியைத் திருப்பி வாங்கிப்போன வீடுகளில் அவளுடையதும் ஒன்று. வாங்கிப்போனது அவள் புருஷன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு புதுச் சாவியை எடுத்து நீட்டினாள். "டூப்ளிகேட் போட்டேன் ஆன்ட்டி. அந்தப் படத்துல கெழவி கதவத் தொறக்கிற சீன்ல எல்லாரும் கத்துனாங்க. எனக்கு மட்டும் அப்பாடான்னு இருந்துச்சு" என்றாள். உன் படத்துக்கு வந்த அபிப்பிராயங்களிலேயே இதைத்தான் நான் நம்புகிறேன். நீ எழுதி அவர்கள் வெட்டியதை இவள் எப்படியோ பார்த்துவிட்டாள்.

டோக்கன் எடுத்துக் கொடுத்தேன். "நக்கோ ஆன்ட்டி, அவர் கண்ணுல பட்டுடும்" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக டோக்கன் கொடுக்காமல் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறேன். நாலாம் நம்பர் ஆணியில், உன் அம்மா சாவிக்குப் பின்னால். வெளியில் இருந்து பார்த்தால் ஒரு சாவிதான் தெரியும்.

அவள் வீட்டு வாசலில் பால் பையைத் தினமும் பார்க்கிறேன். ஒரு நாள் எடுக்காமல் கிடந்தாலும் திறப்பேன். விஸ்வநாத் வீடியோ எடுக்கட்டும், ஊரே அலறட்டும். நீலச் செருப்பு பழசாகிவிட்டது என்று நேற்றுத்தான் புதுசு வாங்கினேன். அதே நீலம்.

நீ அனுப்பிய தாளின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் கோடு போட்டு விட்டிருக்கும் இடம் காலியாகவே இருக்கும். அந்தக் கிழவிக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு. அவர்களுக்கு என் கையெழுத்துதான் வேண்டுமென்றால் தாளைத் திருப்பிப் பார்க்கச் சொல். அவர்கள் முன்னால் அதைத் திருப்பிக் காட்டுவதா, கிழித்துப் போடுவதா என்று நீ முடிவு செய்துகொள்.

டோக்கனை எடுத்துக்கொண்டு தங்கத்தோடு வா. தயிர்ச்சோறு இருக்கும்.

இப்படிக்கு,
சூ. காஞ்சனா
பக்கத்து வீட்டுக்காரி