வாசிப்பு நோட்டில் என் வரி

மட்டாஞ்சேரி,
சனிக்கிழமை.

அன்பு மகன் ஆனந்தகுமாருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை செல்வலட்சுமியும் இங்கே கைகால் சுகத்தோடு இருக்கிறோம், தோஹாவில் உன் உடம்பையும் வேலையையும் சாமி அப்படியே வைத்திருக்கட்டும். உன் சிநேகிதன் பிரதீஷ் நாளைக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய். போன் எந்நேரமும் செல்வி கையில் இருக்கிறது, வீடோ ஒரே அறை, உன்னிடம் நான் பெருமூச்சு விட்டால்கூட அவளுக்குக் கேட்டுவிடும். தமிழில் எழுதினால் அவள் எதிரிலேயே உட்கார்ந்து எழுதலாம். இப்போதும் எதிரில்தான் இருக்கிறாள், பரீட்சைக்குப் படிக்கிறாள், நடுநடுவே நிமிர்ந்து என் கையைப் பார்க்கிறாள், ஒரு எழுத்தும் விளங்காது. உன்னைச் சின்ன வயதில் உட்கார வைத்து அ ஆ சொல்லிக் கொடுத்தேன், அவளுக்கு வேலையும் வீடுமாக ஓடியதில் விட்டுப் போச்சு. நீயும் இதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, மெதுவாகப் படி.

அப்பாவுக்கு இடுப்பு வலி குறையவில்லை, கிடங்கில் இப்போது மூட்டை தூக்கவில்லை, சுக்கு புடைக்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், வீட்டுக்கு வந்தால் ஆளைவிட முன்னால் சுக்கு வாசம் வருகிறது. எனக்குக் கார்ப்பரேஷனில் காலை ஆறு மணி டியூட்டிதான், மாயம்மாளும் நானும் ஒரே தெருவில் கூட்டுகிறோம். கடல் ஏறுகிற நாளில் ஓடைத் தண்ணீர் வாசல் வரை வந்து நிற்கிறது. ஜன்னலைத் திறந்தால் அந்தக் கிடங்குச் சுவர்தான், நீ போகும்போது இருந்த அதே சுவர், பாசி மட்டும் கூடியிருக்கிறது. இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று போன ஆள் நாலாவது வருஷம் முடிக்கப் போகிறாய், அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

செல்வி படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடுதாசி. ஆறாம் கிளாஸில் இங்கிலீஷில் ஒன்பது மார்க் வாங்கிவிட்டு உன் சட்டைக்குள் முகத்தை வைத்து அழுதாளே, அந்தப் பிள்ளை இப்போது பிளஸ் டூவில் இங்கிலீஷில் முதல். போன மாதம் களமச்சேரியில் ஒரு பேச்சுப் போட்டி, அப்பா லீவு போட்டு வைட்டிலாவில் பஸ் மாறிக் கூட்டிப் போனார், கோப்பையோடு வந்தாள். அங்கே அவள் பேசியதற்கு எல்லோரும் எழுந்து கை தட்டினார்களாம், என்ன பேசினாள் என்று அப்பாவிடம் கேட்டேன், நல்ல வேகமாகப் பேசினாள் என்றார். வீட்டிலும் மாறிவிட்டாள். தண்ணீர் கொடுத்தால் தேங்க்ஸ் என்கிறாள். பெற்ற தாய்க்கு எதற்குடி தேங்க்ஸ், நான் என்ன ஹோட்டலா நடத்துகிறேன் என்றேன். இங்கிலீஷ்காரர்கள் ஊரில் அப்படித்தான், அம்மாவுக்கும் சொல்வார்கள், கதவு மூடியிருந்தால் பிள்ளை அறையிலேயே அம்மா தட்டிவிட்டுத்தான் நுழைவாள் என்று விளக்கம் சொன்னாள். நம் வீட்டில் தட்டுவதற்கு எங்கே கதவு இருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு வரவில்லை.

இங்கிலீஷ் எடுக்கிற ஷீஜா டீச்சர் ஒரு நோட்டு வைத்திருப்பது உனக்குத் தெரிந்திருக்காது, நீ தோஹாவுக்குப் போன வருஷம்தான் அது வந்தது. பிள்ளை தினமும் சாயங்காலம் கதையோ கவிதையோ ஒரு பக்கம் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும், கேட்ட பெற்றோர் மனதில் பட்டதை ஒரு வரி சொல்ல வேண்டும், இங்கிலீஷ் தெரியாதவர்கள் சொன்னால் பிள்ளையே இங்கிலீஷில் எழுதிக்கொள்ளலாம், அடியில் பெற்றோர் கையெழுத்து. நாலு வருஷமாக ஒரு நாள் தப்பாமல் நான் கேட்கிறேன். கப்பைக் கிழங்கு தோலுரித்துக்கொண்டு கேட்பேன், மீன் கழுவிக்கொண்டு கேட்பேன். ஒரு எழவும் புரியாது, ஆனால் அவள் குரல் எங்கே இறங்குகிறது எங்கே நிற்கிறது என்று வைத்து இது சோகக் கதை இது சண்டை என்று கண்டுபிடித்துவிடுவேன். முதலில் எல்லாம் என்னம்மா எழுதட்டும் என்று கேட்பாள், நல்லா இருந்துச்சுன்னு எழுது என்பேன். தினமும் அதையேதான் சொன்னேன், வேறு என்ன சொல்ல. கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டாள். நோட்டை நீட்டுவாள், நான் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வசந்தி என்று போடுவேன். ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் காட்டுகிற இடத்தில் போட்டுப் பழகிய கைதானே.

இந்தச் சமயத்தில்தான் ஹைதராபாத் பேச்சு வந்தது. இங்கிலீஷ் மட்டுமே படிக்கிற பெரிய படிப்பு அங்கே இருக்கிறதாம், ஹாஸ்டலாம், ஷீஜா டீச்சர் சிபாரிசுக் கடிதம் கொடுப்பாராம். முடியவே முடியாது என்றேன். படகில் ஏறினால் எறணாகுளம், அங்கே இல்லாத காலேஜா, சாயங்காலம் வீட்டுக்கு வந்து விழுகிற மாதிரி படி என்றேன். அப்பா வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். மறுநாள் சாயங்காலமும் செல்வி நோட்டோடு வந்து ஒரு கதை படித்தாள். தீவில் தனியாக இருக்கிற ஒரு தாய், மகள் படகேறிப் படிக்கப் போகிறாள், அவ்வளவுதான் கதை என்றாள். அந்தப் பிள்ளை திரும்பி வந்ததா என்று கேட்டேன். கதை படகோடு முடிஞ்சு போச்சும்மா என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

போன திங்கட்கிழமை ஷீஜா டீச்சர் போன் செய்தார். சேச்சி, நீங்கள் சொன்ன வரியை கிளாஸில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், எத்தனையோ அம்மாமார் பெண்பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே பிடித்து வைக்கிறார்கள், சேச்சியைப் போல ஒரு ஆள் உண்டே என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே போனார். எந்த வரி என்று கேட்கவில்லை, அவரே சொன்னார். என் மகள் தூரமாகப் போய்ப் படிக்க வேண்டும், எனக்குப் பயம்தான், ஆனாலும் நான் அவளைப் பிடித்து வைக்க மாட்டேன். இதுதான் நான் சொன்னதாக நோட்டில் இருக்கிறது, அடியில் என் கையெழுத்து. செல்வி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி அப்படியே நின்றது. நான் பள்ளிக்கூடத்து ஆட்கள் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிறவள், வாய் தானாகவே ஆமா டீச்சரே என்றது. அந்த வரியை நம்பித்தான் சிபாரிசு எழுதி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் வந்து சேச்சியே இதை மற்ற அம்மாக்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். அதற்கும் ஆமாம் என்றேன்.

நாலு நாள் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது. அந்த வரியை நான் சொல்லவே இல்லை என்றால் ஊர் முன்னால் என் பிள்ளை கள்ளி ஆகிவிடுவாள், டீச்சர் கடிதத்தைக் கிழித்துப் போடுவார். சொன்னேன் என்றால் நானே என் வாயால் அவளை ரயில் ஏற்றிவிட்டேன். மாயம்மாளிடம் மட்டும் சொன்னேன், காய்ச்சல் என்று படுத்துவிடேன் என்றாள். செல்வியை நான் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. இரண்டு பேரும் அந்த ஒரே அறையில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடந்துகொண்டிருந்தோம். தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை அவள்.

நேற்று போனேன். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். நூறு பேர் இருப்பார்கள், செல்வி சுவர் ஓரமாக நின்றாள். மைக்கைக் கொடுத்தார்கள். நான் பொய் சொல்லப் போகிறேன் என்றோ உண்மை சொல்லப் போகிறேன் என்றோ முடிவு செய்துகொண்டு போகவில்லை மகனே. அவளைப் பார்த்தேன், ஆறாம் கிளாஸில் ஒன்பது மார்க்கோடு நின்றாளே அப்படி நின்றாள். "அது ஞான் தன்னே பறஞ்ஞதா," நான் சொன்னதுதான் அது என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கை தட்டினார்கள். டீச்சர் அங்கேயே விண்ணப்பத்தை நீட்டினார், காட்டிய இடத்தில் போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செல்வி வழக்கம்போலப் படித்தாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, எந்தக் கதை என்று கேட்கவில்லை. முடித்துவிட்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக, "என்னம்மா எழுதட்டும்?" என்று கேட்டாள். பேனாவைக் கொடு, நானே எழுதுகிறேன் என்று வாங்கினேன். தமிழில் எழுதினேன். போகாதே செல்வி, நீயும் போனால் இந்த வீட்டில் எனக்குப் பேச்சே இல்லை என்று எழுதி அடியில் கையெழுத்தும் போட்டேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கேன் என்றேன். அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள், ஹைதராபாத்துக்குக் கொண்டு போவாளாம். போனைக் காட்டினால் எந்த எழுத்தையும் அது படித்துச் சொல்லுமாமே, அவள் காட்டிப் பார்த்தாள், என் கோழிக் கிறுக்கலுக்கு அது பாவம் என்ன செய்யும், ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. மாயம்மாளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், செல்வி காட்டினால் படித்துச் சொல்லாதே என்று அவளிடமும் சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவுக்கோ எழுத்தே தெரியாது, இனி உன்னைத் தவிர செல்விக்குத் தமிழ் படித்துச் சொல்ல ஆள் இல்லை, அண்ணன் லீவுக்கு வந்தால் காட்டுவேன் என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, உனக்கும் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். நினைவு வைத்துக்கொள், இந்தக் கடுதாசியைப் படித்ததும் கிழித்துவிடு. அவள் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினால், கொஞ்சம் எழுத்துக் கூட்டுவது போலக் கூட்டிவிட்டு, நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கு என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
வசந்தி