சட்டைப்பையில் தைத்த இறக்கை

மச்சான்,

ட்ரங்குப் பெட்டியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. மனிசியின் கலியாணச் சாரிக்கு அடியில் கிடந்தது, நீ தைத்த அந்த நீலச் சட்டை. நாலு வயதுப் பிள்ளையின் அளவு. தோளில் பட்டி, நாலு பித்தளைப் பொத்தான், இடது பையின் மேல் தங்க நூலால் இரண்டு இறக்கை. கையில் எடுத்ததும் அப்படியே கீழே போட்டுவிட்டேன். மணத்தாலே என்று மனிசியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

நீ மௌத்தாகி மூன்று நோன்பு போய்விட்டது. உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உயிரோடு இருக்கும்போது எழுத என்ன தேவை, கல்முனை பஸாரில் உன் தையல் கடையும் நான் லொறி நிறுத்துகிற இடமும் எதிரெதிரே. சம்மாந்துறை மில்லில் அரிசி ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினால், நேரே உன் கடை வாங்குப் பலகையில்தான் குந்துவேன். நீ பேப்பர் வாசிப்பாய். ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டைவிட்ட நான், விளங்கியது போல தலையாட்டுவேன்.

உன் மெசினுக்கு மேலே சுவரில் அவனுடைய படம் இருந்தது. ஏதோ சஞ்சிகையில் வெட்டி, கண்ணாடி போட்டது. தூர தேசத்து விமானி. ஒரு கை விமானத்தின் மூக்கில், ஒரு கையில் தலைக்கவசம், வாயில் ஒரு சிரிப்பு. அவன் கதையை நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்? ஆடு மேய்த்த குடும்பத்துப் பிள்ளை. விமானப் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து இல்லாமல் போய் நின்றவன். சண்டையில் இயந்திரம் எரிய எரிய, குதிக்காமல் விமானத்தைத் தரையில் கொண்டுவந்து இறக்கியவன். பிறகு படைத் தளபதி, பிறகு ஜனாதிபதி.

"ரெண்டு வருசம் ஆண்டுட்டு ஊட்ட போயிருவன் எண்டு சொல்லியிருக்கான் மச்சான்," என்றாய், வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு. "எங்கட ஆக்கள்ள ஒருத்தனும் இப்பிடிச் சொன்னானா?"

நான் எங்கள் அரசியல் ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். "இல்லதான்," என்றேன்.

என் மூத்தவன் பிறந்து ஏழாம் நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் ஊர் வழக்கப்படி நான் மாமியார் வீட்டு மாப்பிள்ளை, அங்கே எனக்குச் சத்தம் குறைவு. பிள்ளைக்கு முடி இறக்கியாயிற்று, காதில் பேர் ஓத லெவ்வை வந்து குந்தியிருக்கிறார். மனிசி உள்ளறையில். "என்ன பேர்?" என்று லெவ்வை கேட்டார். மனிசி ஒரு பேர் யோசித்து வைத்திருக்கிறாள் என்று தெரியும், என்ன பேர் என்று கேட்டு வைக்க எனக்குப் புத்தி இல்லை. உள்ளே போய்க் கேட்க எழும்பினேன். அதற்குள் நீ சொல்லிவிட்டாய். அந்த விமானியின் பேர். அந்தப் பேரை இந்தக் கடிதத்தில் நான் எழுதமாட்டேன், உனக்குத் தெரியும்தானே. லெவ்வை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், பேப்பர் கேட்டுப் பழகின தலை. பிள்ளையின் காதில் பேர் போய்விட்டது.

பிள்ளைக்கு நாலு வயதான ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்தச் சட்டையைத் தைத்தாய். இறக்கைக்கு மட்டும் மூன்று நாள் குனிந்திருந்தாய். பள்ளிவாசல் வாசலில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மச்சான், எங்கள் ஊர்ச் சண்டைக் காலத்தில் வானத்தில் சத்தம் கேட்டால் சோற்றுக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஊர்ந்த ஆக்கள் நாங்கள். ஹெலி சுற்றினால் நீ வெட்டுகிற துணி கோணிப் போகும். அப்படிப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, குண்டு போடுகிறவனின் உடுப்பைப் பிள்ளைக்கு மாட்டி, அத்தர் பூசி, ஊர்கோலம் கொண்டுபோனோம்.

அவனுடைய இரண்டு வருசம் முடியவே இல்லை. முடிக்குக் கறுப்புச் சாயம் பூசினான், முகத்தைக் காசுத்தாளில் அடித்தான், மகனுக்கு ஒரு கதிரை, மருமகனுக்கு ஒரு கதிரை, கேள்வி கேட்டவனுக்குச் சிறை. நெஞ்சில் பதக்கம் கூடிக்கூடி, கடைசியில் பேரீச்சங்குலை மாதிரித் தொங்கியது. நீ ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாய். "ஆள் நல்லவன். சுத்தி நிக்கிறவனுகள்தான் கள்ளனுகள்."

பிறகு அந்த நாள். உன் கடை டிவியில் காட்டினார்கள். அவனுடைய சொந்த நாட்டு ஊர், ரொட்டிக்கு வரிசையில் நின்ற சனம், மேலே அவனுடைய சொந்தப் படையின் குண்டு விமானம். வீதியில் ரொட்டி, ரொட்டிக்குப் பக்கத்தில் செருப்புகள். பாதியிலே நீ டிவியை நிப்பாட்டினாய்.

"இதெல்லாம் கம்பியூட்டர்ல செய்யிற வேல," என்றாய்.

எனக்குத் தெரியும் அது கம்பியூட்டர் வேலை இல்லை என்று. உனக்கும் தெரியும், உன் கத்தரிக்கோல் வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. "ஓம் மச்சான், இருக்கும்," என்று சொல்லிப் பிளேன்டித் தேத்தண்ணியைக் குடித்தேன். சண்டை பிடித்தால் நாளைக்கு எங்கே போய்க் குந்துவது என்ற யோசனை எனக்கு. அவனில் வருகிற அருவருப்பைவிட, அந்த "ஓம்" என்ற சொல்லில் வருகிற அருவருப்புத்தான் எனக்குப் பெரிது.

கடைசியில் அவனும் விமானத்தில் ஏறி ஓடினான். மனிசி பிள்ளைகளையும் பெட்டிகளையும் ஏற்றினான், தனக்காகச் சண்டை பிடித்த பொடியன்களை ஓடுபாதையிலே விட்டுவிட்டான். எரிகிற விமானத்திலிருந்து குதிக்காதவன் என்று நீ சொன்ன ஆள்தான். வேற்று நாட்டு மாளிகையில் படுக்கையில் கிடந்து செத்தான். அதைக் கேட்க நீ இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

மூத்தவன் இப்போது தன் சின்ன மகனை ஊரில் விட்டுவிட்டு வளைகுடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்கிறான். போன மாதம் போன் எடுத்தான். பக்கத்தில் ரொட்டி போடுகிறவர் அந்த நாட்டு ஆள். முதல் நாள் இவன் பேரைச் சொன்னதும், அந்த மனிசன் பிசைந்த மாவை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாராம். அதிலிருந்து "சிலோன்" என்றுதான் கூப்பிடுகிறார். அவருடைய தம்பி அந்த ரொட்டி வரிசையில் நின்றவன் என்று பிறகுதான் இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"வாப்பா, எனக்கு ஏன் இந்தப் பேர வெச்ச?" என்று கேட்டான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஹலோ, ஹலோ, கேக்குதில்ல மகன்" என்று போனை வைத்துவிட்டேன். நல்லாகத்தான் கேட்டது.

மனிசி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பது வருசமா நானும் அதத்தான் கேக்க இருந்தன்," என்றாள்.

"அப்ப நீ என்ன பேர் யோசிச்சு வெச்சிருந்த?"

"எங்கட வாப்பாட பேர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருசத்தில் அவள் ஒருநாளும் பிள்ளையை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ட வாப்பா, சாப்பிட வாங்க," என்பாள். பாசத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் தன் பாட்டில் தான் வைத்த பேரைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அடுத்த நாள் நானே போன் எடுத்தேன். உன்னில் பழியைப் போடலாம், நீ மறுத்துப் பேச வரமாட்டாய். போடவில்லை, மச்சான். "ஒரு படத்தப் பார்த்து மயங்கித் தலையாட்டினது நான்தான் மகன். பிறகு எல்லாம் தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்ததும் நான்தான். அந்த மனிசனிட்ட இத அப்பிடியே சொல்லு. பேர மாத்துறண்டா மாத்து. உம்மாட வாப்பாட பேர் சும்மாதான் கிடக்கு."

பிறகு, "இப்ப கேக்குதா வாப்பா?" என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை.

அந்த ரொட்டிக்காரர் என்ன சொன்னார் என்று இன்னும் செய்தி இல்லை.

நான் பெட்டியைத் திறந்தது அதற்குப் பிறகுதான். பழைய பிளேடு ஒன்றை எடுத்து இறக்கையைப் பிரிக்கத் தொடங்கினேன். உன் தையல் பொல்லாத தையல், ஒவ்வொரு நூலும் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. இரண்டு விரலில் வெட்டுப்பட்டது. உன் கப்ருக் குழிக்கு ஒளி கேட்டு ஒவ்வொரு வெள்ளி ஜும்ஆவிலும் துஆ செய்கிறேன், இனியும் செய்வேன். அவனுக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னையும் அவனையும் பிரித்தெடுக்க ஏலாமல்தான் இவ்வளவு காலம் வாயை மூடியிருந்தேன் போல.

தங்க நூலைக் குப்பையில் போட்டேன். சட்டையையும் குப்பையில் போட மனம் வரவில்லை, அதில் உன் கை இருக்கிறது.

மனிசி வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "நல்ல துணி. பேரனுக்குப் பெருநாளைக்குப் போடலாம்."

"ஊசி ஓட்டை தெரியுதே. இறக்க கிடந்த இடம் அப்பிடியே நிக்குது."

"தெரியட்டும்," என்றாள். "கேட்டா சொல்லுங்க."