மொரப்பூர் என்று எழுதச் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டில் ரொட்டி சுட்டார்கள். சப்பாத்தி இல்லை. மாவில் தேங்காயைத் துருவிப் போட்டுப் பிசைந்து, கனமாகத் தட்டிச் சுடுவீர்களே, அந்த ரொட்டி. பெங்களூரில் இத்தனை வருடம் இருந்தும் அந்த வாசனை என் சன்னலுக்கு வந்ததில்லை. தேங்காய் கருகுவது தெரிந்ததும் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் படித்துக்கொண்டிருந்த என்னைக் கோடை விடுமுறையில் கண்டியில் இருந்த நம் நாட்டுத் தூதரகக் கிளைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்களிடமெல்லாம், "எம் புள்ள எம்பசிக்கு வேலைக்குப் போவுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கொடி கட்டிய காரை நினைத்துக்கொண்டுதான் கப்பல் ஏறினேன். கிடைத்தது ஒரு முக்காலி. தேயிலைத் தோட்டத் தமிழர்களை இரண்டு அரசுகளும் பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்தியாவின் பங்கில் விழுந்தவர்களிடம், தமிழ் தெரியாத அதிகாரி கேட்பதை நான் தமிழில் கேட்க வேண்டும். இந்தியாவில் சொந்த ஊர் எது என்பது அதில் ஒரு கேள்வி.

வந்தவர்களில் பாதிப் பேர் திருச்சி என்றார்கள். தாத்தா வாயால் கேட்ட ஒரே ஊர்ப் பெயர் அதுதான் போலிருக்கிறது. நீங்கள் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு அப்போது நாற்பது இருக்கும். இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்த கணவர் இறந்துவிட்டார். அவர் எழுதிக் கொடுத்தது மட்டும் உயிரோடு இருந்தது. மகளைக் கட்டியவருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்திருந்ததால் அவள் அங்கேயே நிற்க, நீங்கள் தனியாகக் கிளம்ப வேண்டும்.

"எனக்கு எங்க புள்ள தெரியும்? எங்கப்பனே இங்க தோட்டத்து லயத்துல பொறந்தவரு" என்றீர்கள். பிறகு என்னைக் கேட்டீர்கள். "ஒனக்கு எந்த ஊரு?"

"எங்க ஊரு மொரப்பூருங்க. சேலம் போற வழி."

"ரயிலு நிக்குமா?"

"நிக்கும்."

"அப்ப எனக்கும் அதையே எழுது."

மழை கிடையாது, தேயிலை கிடையாது, களிதான் சாப்பாடு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் கேட்கவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். மொரப்பூர் என்றேன், எழுதினார்.

இரண்டு வருடம் கழித்து நீங்கள் நிஜமாகவே மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கினீர்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி. சித்திரை வெயிலில் கம்பளியைப் பார்த்து ஸ்டேஷனில் சிரித்தார்களாம். நீங்கள் என்னை விசாரித்தது காதில் விழுந்து அப்பா போய் அழைத்து வந்து எங்கள் கொல்லையில் குடிசை போட்டுக் கொடுத்தார். யார் வீட்டுப் பெண் என்று கேட்டவர்கள், அடுத்ததாக எந்தத் தெருவில் சேர்ப்பது என்று கேட்டார்கள். அப்பா கூரைக்குக் கீற்று எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் கடலைக்காய் பறிக்கப் போனீர்கள், களை எடுக்கப் போனீர்கள். கொழுந்து பறித்த விரல் என்பதால் உங்கள் வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. அதற்கும் முணுமுணுத்தார்கள். களி மட்டும் கடைசிவரை உங்களுக்கு இறங்கவில்லை. "தொண்டையில நின்னுகிட்டு எந்த ஊருன்னு கேக்குது புள்ள" என்பீர்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் எனக்கென்று மூடி வைத்திருப்பீர்கள். மகளைப் பற்றி நான் கேட்டால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவீர்கள்.

எழுபதுகள் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சில் சளி கட்டியது, பிறகு மூச்சு முட்டியது. மகளுக்குத் தந்தி அடித்தோம். அவள் வருவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும். அந்த வரிசை எப்படி நகரும் என்று எனக்குத் தெரியாதா?

உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது பெரியவர் ஒருவர் கேட்டார். "பொறந்த வூட்டுக் கோடி யாருங்க போடறது?" செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சேலை விழாமல் எடுப்பது அங்கே வழக்கமில்லை. பிறந்த வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் என்ன செய்வது என்று வழக்கத்தில் சொல்லி வைக்கவும் இல்லை. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்க வூட்டுப் பொண்ணுங்க. நாங்க போடறோம்." அம்மா தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த, இன்னும் கட்டாத பச்சைச் சேலையை நான்தான் உங்கள் மேல் போர்த்தினேன். சிலர் எழுந்து போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

அதற்குச் சில நாள் முன்பு தருமபுரி ஆஸ்பத்திரியில் நாம் பேசியதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எல்லாரையும் போல திருச்சின்னு சொல்லியிருக்கலாமே அக்கா. தண்ணியாவது இருந்திருக்கும்."

நீங்கள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள். "எங்க ஊரு மொரப்பூருன்னு நீ சொன்னப்ப ஒம் மூஞ்சியப் பாத்தேன் புள்ள. ஊரு பேரச் சொல்றப்ப ஒருத்தி மூஞ்சி அப்பிடி ஆவும்னு எனக்கு அன்னிக்கித்தான் தெரிஞ்சிச்சு. எனக்கும் அந்த ஊரே இருக்கட்டும்னு தோணிச்சு."

அப்பாவும் அம்மாவும் போய், வீடும் கைமாறிவிட்டது. அங்கே எனக்கென்று மிச்சம் இருப்பது உங்களைப் புதைத்த இடம்தான். இருந்தாலும் சொந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் மொரப்பூர் என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போது இப்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. பார்த்துச் சொல்ல நீங்கள் இல்லை.